இசைவாக்கம், தழுவல், பொருத்தப்பாடு: வன்னியை முன்வைத்துச் சில குறிப்புகள்

ஆங்கிலத்தில் ‘அடாப்டேஷன்’ என்ற ஒரே சொல் நிற்குமிடத்தில் தமிழில் மூன்று சொற்கள் நிற்கின்றன. எங்கள் உயிரியல் ஆசிரியர்கள் இசைவாக்கம் என்பர். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அதனைத் தகவமைப்பு என்னும். உளவியலார் பொருத்தப்பாடு என எழுதுவர். நாடகக்காரரும் மொழிபெயர்ப்பாளரும் தழுவல் என்பர். ஒரு கருத்துக்கு ஒரு கலைச்சொல் வேண்டுமென வாதிடுவோருக்கு இது குறையாகப்படலாம். எனக்கு இது வசதியாகவே படுகின்றது. வன்னிப் பெருநிலப்பரப்பின் கடந்த நூறு, நூற்றிருபது ஆண்டுகளைத் திரும்பிப் பார்க்கும்போது இம்மூன்றும் ஒன்றல்ல என்பது தெரியவரும். இவற்றை ஒன்றாகக் குழப்பிப் பேசுவதால் யாருக்கு ஆதாயம் என்பதும் தெரியவரும்.

முதலில் உடலைப் பார்ப்போம். ஜே.பி.லூயிஸ் என்ற ஆங்கில நிர்வாகி வன்னி மாவட்டங்கள் பற்றி எழுதிய கைந்நூல் 1895இல் வெளிவந்தது. உடைந்த குளங்களும் காய்ச்சலும் ஆளற்ற ஊர்களும் நிறைந்த நாடாகவே அக்கால வன்னி நமக்குக் காட்சியளிக்கின்றது. மலேரியா இங்கு விருந்தாளியன்று, குடியிருந்த நோய். 1934, 1935இல் இலங்கையை உலுக்கிய மலேரியாப் பெருந்தொற்றில் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். ஆனால் பேரழிவு நிகழ்ந்தது வன்னி போன்ற வறண்ட வலயத்தில் அன்று. கேகாலை முதலிய ஈரவலய மாவட்டங்களிலேயே. அங்குள்ளோரின் உடலுக்கு அந்நோய் பழக்கமில்லை. வறண்ட வலயத்தாரோ சிறுவயது முதல் மீண்டும் மீண்டும் காய்ச்சலில் விழுந்தெழுந்து ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தனர்.

இதனை ‘வன்னியான் உடம்பு வைரம்’ என்று பெருமையாகச் சொல்லிவிடலாம். ஆனால் அந்த எதிர்ப்பாற்றலின் விலை என்ன? காய்ச்சலில் விழுந்து எழாத குழந்தைகள். எழுந்தவர்களே வளர்ந்து ‘நோய் தாங்குபவர்கள்’ ஆயினர். கண்டிப்பான உயிரியலாளர் ஒருவர், இது ஒரு தலைமுறைக்குள் பெறப்பட்ட ஆற்றல், டார்வின் பேசிய பரம்பரை இசைவாக்கம் அன்று எனத் திருத்துவார். திருத்தம் சரியே. எனினும் இரண்டிலும் கணக்கு ஒன்றுதான்: இசைந்தவர்களை மட்டுமே நாம் காண்கின்றோம், இசையாதவர்கள் சாட்சி சொல்ல வருவதில்லை. இலங்கை மலேரியா ஒழிந்த நாடென உலக சுகாதார நிறுவனம் 2016இல் சான்றளித்தது. அதனைச் சாதித்தது உடலின் இசைவாக்கம் அன்று. பல பத்தாண்டுகள் ஊரூராக இரத்தம் சோதித்து மருந்து கொடுத்த சுகாதாரப் பணியாளரின் உழைப்பு.

அடுத்தது கைத்திறன். 1990 யூனில் மீண்டும் போர் மூண்டபின் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. வன்னியில் அது 2002இன் போர்நிறுத்தம் வரை நீடித்தது. எரிபொருள், பற்றரி, உரம், மருந்து எனத் தடைப்பட்டியல் நீண்டது. சில துளி பெற்றோலை ஊட்டி இயந்திரத்தை எழுப்பிப் பின் மண்ணெண்ணெயில் ஓட்டிய வாகனங்களின் புகைநெடி என் தலைமுறையாருக்கு மறக்காது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதிக்க, டைனமோவிலிருந்து வானொலி பேசியது. ஜாம் போத்தலுக்குள் சிறிதளவு எண்ணெய் விட்டுத் திரியேற்றிய விளக்கில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தனர். யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகள் அப்பியாசக் கொப்பித் தாளிலும் அச்சாயின. (கோடு போட்ட தாளில் தலையங்கம் வாசித்த அனுபவம் உலகில் வேறெந்த வாசகருக்கு வாய்த்திருக்கும்?)

போர் முடிந்தபின் கருத்தரங்க மண்டபங்களில் இவையெல்லாம் ‘மீள்திறன்’ என்ற பெயரில் பாராட்டுப் பெற்றன. பாராட்டில் பிழையில்லை, சைக்கிள் டைனமோ உண்மையான புத்திக்கூர்மைதான். ஆனால் அதே பட்டியலில் மருந்தும் இருந்தது என்பதைப் பாராட்டுவோர் மறந்துவிடுகின்றனர். இன்சுலினுக்கு ஜாம் போத்தலில் மாற்று இல்லை.

கலைக்கு வருவோம். என் நோக்கில், தழுவல் என்ற சொல்லுக்கு முழுத் தகுதியும் உடைய விடயம் வன்னியில் கண்ணகிதான். இளங்கோவடிகளின் கண்ணகி சேரநாட்டில் விண்ணுலகு புகுந்தவள். ஈழத்தவளோ மதுரையை எரித்தபின் கடல் கடந்து வந்தவள். தங்கித் தங்கி வந்த அவள் பத்தாவதாகத் தங்கிய இடமே ‘பத்தாப்பளை’ ஆகி வற்றாப்பளை ஆயிற்று என்பது ஊர் வழக்கு. ஈழத்து மரபில் அவளது பிறப்பே மாறுகின்றது. அவள் மாங்கனியில் தோன்றுகின்றாள். முல்லைத்தீவில் அவள் கதை கோவலன் கூத்தாக, தனக்கெனத் தனி ஆட்டமுறையோடு ஆடப்பட்டது. தெற்கே சிங்கள மக்களிடம் அவளே பத்தினித் தெய்வம். ஒரு காப்பியம் இத்தனை மண்ணில் இத்தனை உருவெடுத்தும் சிலம்பும் நீதி கேட்ட குரலும் மாறவில்லை. தழுவல் என்பது இதுதான்: எதை விடலாம், எதை விடக்கூடாது என்பதைத் தழுவுபவரே தீர்மானிக்கின்றார்.

இதற்கு மாறான ஒன்று யாழ்ப்பாணத்தில் நடந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் கண்ணகி வழிபாட்டைச் சமணப் பெண்ணை வழிபடுவதெனக் கண்டித்தார். அச்செல்வாக்கில் அங்கு பல கண்ணகி கோயில்கள் இராசராசேசுவரி, புவனேசுவரி எனப் பெயர் மாறின. கோயில் பிழைத்தது, கண்ணகி போய்விட்டாள். இதனைத் தழுவல் என்பதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. வற்றாப்பளையில் அவள் தன் பெயரோடே இருக்கின்றாள். வைகாசிப் பொங்கலுக்குச் சிலாவத்தைக் கடலிலிருந்து எடுத்து வரும் உப்புநீரில் அவளுக்கு விளக்கெரிவதாக அடியார் நம்புகின்றனர். கோயிலை அடுத்து விரிவது நந்திக்கடல். 2009 மே மாதம் போர் முடிந்தது அந்நீரேரியின் கரையில்தான். இன்று மே 18இன் நினைவேந்தலும் அம்மன் பொங்கலும் நாட்காட்டியில் அடுத்தடுத்து வருகின்றன. முள்ளிவாய்க்காலில் அரிசியும் தண்ணீரும், கிடைத்தால் உப்புமாய்க் காய்ச்சிய கஞ்சி, இப்போது ஆண்டுதோறும் வீதியோரங்களில் வழங்கப்படுகின்றது. பசிக்குக் கண்ட வழி சடங்காகியிருக்கின்றது.

உள்ளத்தின் கதை இவ்வளவு எளிதன்று. சுவிஸ் உளவியலாளர் பியாஜே, பொருத்தப்பாட்டுக்கு இரு கைகள் உண்டென்றார். உலகை நம் அறிவுக்கேற்ப உள்வாங்குவது தன்மயமாக்கல். உள்வாங்க முடியாதபோது நம் அறிவின் அமைப்பையே மாற்றிக்கொள்வது தன்னமைவாக்கல். பிள்ளைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்து அவர் சொன்னது அது. செல் வரும் ஒலியைக் கேட்டே திசையும் தூரமும் சொன்ன வன்னிப் பிள்ளைகளும் ஒருவகையில் அதனையே செய்தனர். ஆனால் அது எந்தப் பிள்ளைக்கும் வேண்டாத கல்வி. யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் வன்னி மக்கள் பற்றி 2010இல் வெளியிட்ட ஆய்வில் தனியாளின் நோயை மட்டும் பேசாது குடும்பமும் ஊரும் சேர்ந்து பட்ட கூட்டு வடுவைப் பற்றி எழுதினார். வவுனியாவின் மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. அங்கிருந்து திரும்பியோர் வேலி அடைத்தனர், வயல் விதைத்தனர். அவர்கள் பொருந்திவிட்டார்கள் என அறிக்கைகள் எழுதப்பட்டன.

பொருந்த மறுத்தவர்களும் உண்டு. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடர் போராட்டத்தில் அமர்ந்தனர். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அடுத்தடுத்துத் தொடங்கின. இறப்புச் சான்றிதழும் அல்லாமல், ஆள் இருக்கின்றார் என்பதும் அல்லாமல், இடைப்பட்ட ஒரு சான்றிதழுக்கு 2016இன் சட்டம் வழிவகுத்திருந்தது. இழப்பீடும் பேசப்பட்டது. ஏற்றுக்கொண்டு வாழ்க்கையைப் பாருங்கள் என்று அன்போடு சொன்னவர்களும் இருந்தனர். ஆண்டுகள் எட்டைக் கடந்துவிட்டன. அமர்ந்தவர்களில் பல தாய்மார் இறந்தும் போயினர். எஞ்சியோர் படங்களை மடியில் வைத்தபடி, கையில் ஒப்படைத்த பிள்ளைக்கு என்ன நடந்தது என்றே இன்னும் கேட்கின்றனர்.