கான்கிரீட் சாலைத்தளம்: வடிவமைப்பும் ஆயுள் கணிப்பும்

லாரியின் சக்கரம் ஏறும்போது கான்கிரீட் பாளம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்து, பாரத்தைப் பரவலாக மண்ணுக்கு இறக்குகிறது. அதனால் அடிமண்ணுக்குச் சிரமம் குறைவு. சிரமம் முழுவதும் பாளத்துக்குத்தான். வளையும் பாளத்தின் ஒரு முகத்தில் இழுவிசை பிறக்கிறது. கான்கிரீட்டின் பலவீனமே அதுதான். அமுக்கினால் 40 மெகாபாஸ்கல் வரை தாங்கும் கலவை, வளைத்தால் ஏறத்தாழ 4.5 மெகாபாஸ்கலில் முறிந்துவிடும். பாளத்தின் தடிமன், மூட்டுகளின் இடைவெளி, கீழடுக்கு எல்லாமே இந்த இழுவிசையை அடக்கத்தான் தீர்மானிக்கப்படுகின்றன.

கணக்குக்கு முன்பே சாலை வந்துவிட்டது. அமெரிக்காவின் முதல் கான்கிரீட் தெருவை ஒஹையோ மாநிலத்தின் பெல்ஃபோன்டன் ஊரில் ஜார்ஜ் பார்த்தலோமியூ 1891இல் போட்டார். பாளத்தின் நடு, விளிம்பு, மூலை ஆகிய மூன்று இடங்களிலும் உண்டாகும் தகைவை, அதாவது ஓரலகுப் பரப்பில் எழும் உள்விசையை, கணிக்கும் சூத்திரங்களை ஹரால்ட் வெஸ்டர்கார்ட் 1926இல் வெளியிட்டார். அவர் மண்ணை நெருக்கமாக அடுக்கிய சுருள்வில்களாகக் கருதினார்.

எந்தத் தடிமன் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதற்கு ஓட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. இலினாய் மாநிலத்தின் ஒட்டாவா அருகே 1958 முதல் 1960 வரை அமெரிக்க மாநில நெடுஞ்சாலை அதிகாரிகள் சங்கம் (ஆஷோ) நடத்திய சாலைச் சோதனை அதைத்தான் செய்தது. ராணுவ ஓட்டுநர்கள் வெவ்வேறு எடையுள்ள லாரிகளை வளையப் பாதைகளில் இரவும் பகலும் ஓட்டினார்கள். இரண்டரை அங்குலத்திலிருந்து பன்னிரண்டரை அங்குலம் வரை தடிமன் கொண்ட கான்கிரீட் பாளங்கள் மீது 11,14,000 அச்சுச் சுமைகள் ஏறி இறங்கின. பாளங்கள் கெட்டதற்கு முதற்காரணம் தண்ணீர். சக்கரம் அழுத்தும்போது அடியில் தேங்கிய நீர் மண்ணைக் கரைத்துக்கொண்டு வெளியே பீறிட, பாளம் பிடிமானமின்றி அந்தரத்தில் நின்று உடைந்தது.

அந்தச் சோதனையிலிருந்து பிறந்த சூத்திரங்கள் பல பத்தாண்டுகள் ஆட்சி செய்தன. அவற்றின் எல்லை குறுகியது என்பதை அழுத்திச் சொல்லவேண்டும்: ஒரே மண், ஒரே தட்பவெப்பம், இரண்டே ஆண்டு. மூட்டுகள் அனைத்திலும், ஒரு பாளத்தின் சுமையை அடுத்ததற்குக் கடத்தும் டவல் கம்பிகள் இருந்தன. கம்பி இல்லாத மூட்டுகளில் ஒரு பாளம் தாழ்ந்து, மறு பாளம் படிபோல் எழும்பும் கேட்டைப் பற்றி அந்தச் சூத்திரங்களால் எதுவும் சொல்ல முடியவில்லை.

வெயில் இன்னொரு பாரம். பகலில் மேல்முகம் சூடேறி விரிய, பாளம் நடுவில் எழும்பப் பார்க்கிறது. அப்போது விளிம்பை ஒட்டிச் செல்லும் சக்கரம் அடியிலிருந்து விரிசலைத் தொடங்குகிறது. பின்னிரவில் மேல்முகம் குளிர்ந்து மூலைகள் தூக்கும். ஒரே லாரியின் முன் அச்சும் பின் அச்சும் பாளத்தின் இரு முனைகளிலும் நின்றால் விரிசல் மேலிருந்து இறங்கும். இந்திய சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 58 விதிநூல், 2015ஆம் ஆண்டுப் பதிப்பில், முதல் வகையைக் காலை 10 முதல் மாலை 4 மணி வரைக்கும், இரண்டாவதை நள்ளிரவு முதல் காலை 6 மணி வரைக்கும் தனித்தனியே கணக்கிடச் சொல்கிறது.

அந்தக் கணக்கில் அதிகச் சுமையின் விலை பளிச்சென்று தெரியும். தகைவு வளைவு வலிமையில் 0.45 பங்குக்குள் இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம். 0.55 பங்கானால் சுமார் 1,24,000 முறை, 0.65 ஆனால் 7,700 முறைதான். அச்சு எடையை ரோட்டில் அளந்து பார்க்காமல் தடிமனை முடிவு செய்வது வீண் என்பதற்கு இந்த எண்களே போதும். ஒவ்வொரு சுமையும் தின்னும் ஆயுளின் பங்கைக் கூட்டிக்கொண்டே போய், மொத்தம் ஒன்றைத் தாண்டாதபடி தடிமன் வைக்கிறார்கள்.

நீண்டகாலக் கணிப்புக்கு உண்மையான உரைகல், ஓடிக்கொண்டிருக்கும் சாலைகள். அமெரிக்காவிலும் கனடாவிலும் 2,500க்கு மேற்பட்ட சாலைத் துண்டுகளைத் தொடர்ந்து அளக்கும் திட்டம் 1987இல் தொடங்கியது. 2004இல் வெளியான புதிய அமெரிக்க வடிவமைப்பு முறை அந்தத் தரவுகளோடு ஒப்பிட்டுச் சீராக்கப்பட்டது. மூட்டுப்படி, குறுக்கு விரிசல், மேடுபள்ளம் ஆகியவை ஆண்டுக்காண்டு எவ்வளவு வளரும் என்று அது சொல்கிறது. ஆனாலும் அதன் குணகங்களை அப்படியே ஏற்காமல், பல மாநிலங்கள் தங்கள் சாலைகளின் அளவீடுகளைக் கொண்டு மறுபடியும் திருத்திக்கொள்கின்றன.