முன்வாசலும் கொல்லைப்புறமும்: பொன்னேரி – பழவேற்காடு சாலை

சாலை ஊர்களை இணைக்கிறது என்பது அரசு அறிக்கைகளிலிருந்து பள்ளிப் பாடநூல்வரை புழங்கும் சொல்லாடல். அதுவரை அவ்வூர்கள் துண்டாகக் கிடந்தன என்ற அனுமானம் இதற்குள் ஒளிந்திருக்கிறது. பொன்னேரியிலிருந்து திருப்பாலைவனம் வழியாகப் பழவேற்காடு போகும், இருபது கிலோமீட்டர்கூடத் தேறாத ரோட்டில் வைத்து இந்த அனுமானத்தை உரசிப் பார்க்கலாம்.

பழவேற்காடு துண்டாகக் கிடந்த ஊரல்ல. 1613இல் டச்சுக்காரர்கள் இங்கே ஜெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுதான். ஜாவாவுக்கும் சுற்றியுள்ள தீவுகளுக்கும் இங்கிருந்து துணி போயிற்று. பஞ்ச காலங்களில் விலைக்கு வாங்கப்பட்ட மனிதர்களும் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். (இணைப்பு என்றால் இதுவும் இணைப்புதானே!) ஊருக்குக் கடலும் ஏரியும் முன்வாசல், பொன்னேரிப் பக்கம் கொல்லைப்புறம்.

1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. சென்னைப் பட்டணம் இருக்க அவர்களுக்கு இன்னொரு துறைமுகம் தேவைப்படவில்லை. ஆனாலும் தண்ணீர்வழி உடனே செத்துப்போய்விடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டத் தொடங்கி, பின்னர் பக்கிங்ஹாம் கால்வாய் எனப் பெயர் பெற்ற வழியில் ஸ்ரீஹரிகோட்டா விறகும் உப்பும் படகு படகாகச் சென்னைக்குப் போயின. பட்டணத்து அடுப்பெரிந்தது இந்தத் தண்ணீரை நம்பித்தான்.

திசையை மாற்றியவை ரயிலும் ஜி.என்.டி. ரோடும். 1899இல் சென்னையைக் கூடூர் வழியாக வடக்கோடு சேர்த்த ரயில், பொன்னேரியையும் கும்மிடிப்பூண்டியையும் தொட்டுக்கொண்டு ஏரியை விட்டு மேற்கே விலகிப் போனது. பிற்காலத்தில் கும்மிடிப்பூண்டி சிப்காட் இந்தத் தடத்தை ஒட்டியே எழுந்தது. கால்வாயோ 1960களின் புயல்களுக்குப் பிறகு தூர்ந்துகொண்டே போச்சு. அதன்பின் பழவேற்காட்டுக்குப் பொன்னேரி ரோடுதான் கதி. கொல்லைப்புறம் முன்வாசலானது, துறைமுகம் பஸ்ஸின் கடைசி ஸ்டாப் ஆனது. விளிம்பு என்பது நிலவியல் தரும் உண்மையல்ல, பாதை போட்டவர்கள் உண்டாக்கியது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஊருக்கு வடக்கே நடந்ததையும் இதோடு சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். பட்டணத்துக்கு விறகு அனுப்பிய அதே ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளமாகி, 1971இல் முதல் ராக்கெட் கிளம்பியது. தீவில் இருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஒரு பகுதியினர் பழவேற்காட்டுப் பக்கம் வந்து குடியேறினார்கள். ஏவுகிற நாட்களில் இங்குள்ள மீனவர்கள் கடலுக்குப் போகக்கூடாதென்று அறிவிப்பு வரும். முன்வாசலுக்குப் பூட்டு, ரோடு மட்டும் திறந்திருக்கும்.

ரோடு வேண்டாம் என்பதல்ல வாதம். பிரசவ வலி வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட அது வேண்டும். பிள்ளைகள் காலேஜ் போக வேண்டும். ஆனால் ரோடு ஆட்களை மட்டும் ஏற்றிச் செல்வதில்லை. ஏரி மீனவக் குப்பங்களில் ‘பாடு’ என்றொரு முறை உண்டு: எந்த இடத்தில் யார், எந்த நாளில் வலை விடுவது என்று முறை வைத்து ஊரே பங்கிட்டுக்கொள்ளும். நல்ல இடம் ஒருவருக்கே நிலைக்காது. (எல்லாச் சாதியாருக்கும் இந்தப் பாட்டில் பங்கில்லை, பொற்காலக் கனவு காண்பவர்கள் இதையும் கவனிக்கட்டும்.) தண்ணீருக்குள் யார் கை வைப்பது என்பதை இன்னமும் பாடு தீர்மானிக்கிறது. இறால் கரையேறியதும் பேச்சு மாறிவிடுகிறது. விலை ரோட்டிலிருந்து வருகிறது, ஐஸ் பெட்டி வண்டியோடு. முறை வைத்துப் பங்கிட அங்கே எதுவுமில்லை.