போர்த்துகீச அரசவையின் பிரேசில் இடப்பெயர்வு

நெப்போலியனின் படை லிஸ்பனை நெருங்கிய 1807 நவம்பரில், போர்த்துகல் அரச குடும்பம் அமைச்சர்களோடும் கருவூலத்தோடும் அரசு ஆவணங்களோடும் கப்பலேறி, தன் குடியேற்ற நாடான பிரேசிலுக்குச் சென்றது. 1808 மார்ச் முதல் 1821 ஏப்ரல் வரை ரியோ டி ஜெனிரோவே பேரரசின் தலைநகராக இருந்தது. லிஸ்பனுக்கும் அங்கோலாவுக்கும் கோவாவுக்கும் மக்காவுக்கும் ஆணைகள் அங்கிருந்தே பிறந்தன. பிரேசில் ஒரே நாடாகவும் முடியாட்சியாகவும் விடுதலை பெற்றதற்கு இந்தப் பதின்மூன்று ஆண்டுகளே அடித்தளம்.

பின்னணி

அரசி முதலாம் மரியா மனநலம் குன்றியதால், 1792 முதல் அவர் மகன் ஜோவாவ் அரசப் பிரதிநிதியாக ஆட்சிப் பொறுப்பை ஏற்றிருந்தார். 1806 நவம்பரில் பெர்லின் ஆணையின் மூலம் நெப்போலியன் பிரிட்டனுக்கு எதிராக ஐரோப்பியத் துறைமுகங்களை அடைக்க முற்பட்டார். போர்த்துகல் இருபுறமும் நெருக்கப்பட்டது. துறைமுகங்களை மூடினால் நெடுநாள் நட்பு நாடான பிரிட்டனின் கடற்படை பகையாகும், பிரேசிலும் பறிபோகும். மூடாவிட்டால் பிரெஞ்சுப் படை எல்லை தாண்டும். இளவரசர் இரு தரப்புக்கும் பிடிகொடுக்காமல் காலம் கடத்தினார். இதற்கிடையே, தேவைப்பட்டால் அரச குடும்பத்தைப் பிரிட்டிஷ் கடற்படைக் காவலோடு பிரேசிலுக்குக் கொண்டுசெல்வதற்கான இரகசிய உடன்பாடு 1807 அக்டோபரில் லண்டனில் கையெழுத்தானது. அதே மாதம் 27ஆம் தேதி, போர்த்துகலைப் பங்குபோட்டுக்கொள்ள பிரான்சும் ஸ்பெயினும் ஃபொந்தென்புளோ உடன்படிக்கையைச் செய்துகொண்டன.

தலைநகரைப் பிரேசிலுக்கு மாற்றும் யோசனை புதிதன்று. 18ஆம் நூற்றாண்டில் அரசதந்திரி லூயிஸ் த குன்யா இதைப் பரிந்துரைத்திருந்தார். 1803இல் அமைச்சர் ரொத்ரிகோ த சோசா கொத்தீன்யோவும் இதையே வலியுறுத்தினார். போர்த்துகலின் செல்வம் பிரேசிலில் இருக்கிறது என்பது ஆளும் வட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

புறப்பாடும் பயணமும்

பிரெஞ்சுத் தளபதி ஜூனோவின் படை நாட்டுக்குள் புகுந்துவிட்டது என்று உறுதியானதும் கப்பல்களில் பொருள்களை ஏற்றும் வேலை அவசர அவசரமாக நடந்தது. மழையில் சேறாகிக் கிடந்த பெலெம் துறையில் வண்டிகளும் பெட்டிகளும் குவிந்தன. நவம்பர் 27 அன்று அரச குடும்பம் கப்பலேறியது. 29 அன்று காற்று வாய்க்கவே கப்பல்கள் தேஜோ ஆற்றின் முகத்துவாரத்தைக் கடந்தன. மறுநாள் ஜூனோ லிஸ்பனுக்குள் நுழைந்தார். தேவாலயங்களிலிருந்து கொண்டுவந்த வெள்ளிப் பொருள்களும் அரச நூலகத்தின் புத்தகப் பெட்டிகளும் ஏற்றப்படாமல் துறையிலேயே நின்றுபோயின. வெள்ளி பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. புத்தகங்கள் திரும்ப எடுத்துவைக்கப்பட்டு, 1810, 1811 ஆண்டுகளில் தவணை தவணையாக ரியோ வந்துசேர்ந்தன.

உடன் சென்றோர் பத்தாயிரம் முதல் பதினைந்தாயிரம் பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. பிற்கால ஆய்வாளர் சிலர் எண்ணிக்கை இதைவிட மிகக் குறைவு என்கின்றனர். அரசியும் இளவரசரும் ‘பிரின்சிபே ரியால்’ கப்பலிலும், இளவரசரின் மனைவி கார்லோட்டா ஜொவாகினா ‘அஃபோன்சோ த அல்புகெர்க்கே’ கப்பலிலும் சென்றனர். புயல் கப்பல்களைச் சிதறடித்தது. நெரிசலில் பேன் தொல்லை மூண்டதால் அரச குலப் பெண்களும் தலைமுடியை மழித்துக்கொள்ள நேர்ந்தது.

துறைமுகத் திறப்பு

1808 ஜனவரி 22 அன்று இளவரசரின் கப்பல் பாயியாவின் சல்வதோர் நகரை அடைந்தது. ஆறே நாளில், ஜனவரி 28 அன்று, பிரேசிலின் துறைமுகங்களை நட்பு நாடுகள் அனைத்துக்கும் திறந்துவிட்டு அவர் ஆணை பிறப்பித்தார். பிரேசிலின் வணிகம் அதுவரை லிஸ்பன் வழியாகவே நடந்தாக வேண்டும் என்ற முந்நூறு ஆண்டுக் கட்டு அன்றோடு அறுந்தது. பொருளியல் அறிஞர் ஜோசே த சில்வா லிஸ்போவா இதற்குத் துணைநின்றார். லிஸ்பன் எதிரியின் கையில் இருக்கையில் சுங்க வருவாய்க்கு வேறு வழியும் இருக்கவில்லை.

இதன் பெரும்பயன் பிரிட்டனுக்கே கிடைத்தது. 1810 உடன்படிக்கை பிரிட்டிஷ் சரக்குகளுக்கு 15 விழுக்காடு தீர்வை விதித்தது. போர்த்துகீசச் சரக்குக்கே 16 விழுக்காடு, பிற நாட்டுச் சரக்குக்கு 24 விழுக்காடு. காவல்நின்ற கடற்படைக்கு பிரேசில் சந்தையே கூலியாயிற்று.

ரியோவில் புதிய தலைநகர்

மார்ச் 8 அன்று அரசவை ரியோவில் கரையிறங்கியது. வந்தவர்களைக் குடியமர்த்த நல்ல வீடுகளின் கதவுகளில் ‘பி.ஆர்.’ என்று எழுதப்பட்டது. அரசப் பிரதிநிதியைக் குறிக்கும் அந்த இரண்டெழுத்து விழுந்துவிட்டால் வீட்டுக்காரர் காலி செய்தாக வேண்டும். நகர மக்களின் மனக்கசப்பு அங்கே தொடங்கியது.

அச்சகமே கூடாது என்று தடுத்து வைக்கப்பட்டிருந்த நாட்டில் 1808 மே 13 அன்று அரச அச்சகம் நிறுவப்பட்டது. செப்டம்பரில் ‘கசெட்டா தோ ரியோ த ஜெனிரோ’ செய்தித்தாள் வெளிவந்தது. 1785 முதல் நிலவிய ஆலைத் தடை ஏப்ரல் 1 அன்று நீங்கியது. சல்வதோரில் மருத்துவப் பள்ளி, ரியோவில் தாவரவியல் பூங்கா, பேங்கோ தோ பிரேசில் வங்கி ஆகியவை அதே ஆண்டில் பிறந்தன. பின்னர் இராணுவக் கழகமும் (1810) அரச அருங்காட்சியகமும் (1818) வந்தன. 1816இல் வந்த பிரெஞ்சுக் கலைஞர் குழுவில் இருந்த ழான் பதீஸ்த் தெப்ரே, நகரத் தெருக்களின் அன்றாட வாழ்வைச் சித்திரங்களாக்கினார்.

அடிமை முறை

இந்த வளர்ச்சியைத் தோளில் சுமந்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். தண்ணீர் தூக்குவது முதல் வீடு கட்டுவது வரை அவர்கள் உழைப்பே. 1821 கணக்கெடுப்பில் நகர மக்கள் ஏறத்தாழ 80,000 பேர். அவர்களில் பாதிக்குச் சற்றே குறைவானோர் அடிமைகள். 1811இல் கட்டப்பட்ட வலோங்கோ கல்துறை அடிமை வணிகத்தின் வாயிலாயிற்று. அப்பகுதி வழியாக ஏறத்தாழ ஒன்பது இலட்சம் ஆப்பிரிக்கர் வந்திறங்கினர் என்று யுனெஸ்கோ மதிப்பிடுகிறது. இளவரசர் குடியிருந்த சான் கிறிஸ்தோவான் மாளிகையே எலியாஸ் அந்தோனியோ லோப்பஸ் என்ற அடிமை வணிகர் கொடுத்ததுதான். அரசவை கொண்டுவந்த கல்வியையும் கலையையும் பேசும் எந்த வரலாறும் இந்த அடிமைகளை விட்டுவிட்டு முழுமை பெறாது. அரசவை வந்த ஆண்டிலேயே பொத்தோகூதோ பழங்குடிகள் மீது போர் அறிவிக்கப்பட்டதும் இக்கணக்கில் சேரும்.

ஐக்கிய இராச்சியமும் திரும்புதலும்

1815 டிசம்பர் 16 அன்று பிரேசில் குடியேற்ற நிலையிலிருந்து உயர்த்தப்பட்டு, ‘போர்த்துகல், பிரேசில், அல்கார்வ் ஐக்கிய இராச்சியம்’ உருவானது. மறு ஆண்டு அரசி இறந்தார். 1818இல் இளவரசர் ஆறாம் ஜோவாவ் என்ற பெயரில் ரியோவிலேயே அரசராக முடிசூடினார். வரிச்சுமையும் அரசவைக்குக் கிடைத்த சலுகைகளும் மூட்டிய வெறுப்பு, 1817இல் பெர்னம்புகோவில் குடியரசுக் கிளர்ச்சியாக வெடித்து அடக்கப்பட்டது.

போர்த்துகலோ போரில் நொந்து, பிரேசில் வணிகத்தை இழந்து, பிரிட்டிஷ் தளபதி பெரஸ்ஃபோர்டின் செல்வாக்கில் கிடந்தது. தாய்நாடே குடியேற்றமாகிவிட்டது என்ற குமுறல் 1820 ஆகஸ்ட் 24 அன்று போர்த்தோ நகரில் புரட்சியானது. அரசர் திரும்ப வேண்டும், அரசியலமைப்புச் சட்டம் வேண்டும் என்பவை அதன் கோரிக்கைகள். 1821 ஏப்ரல் 26 அன்று ஜோவாவ் மகன் பேத்ரோவைப் பிரதிநிதியாக விட்டுவிட்டுப் புறப்பட்டார். உடன் சென்றவர்கள் வங்கியிலிருந்த நாணயத்தையும் பெருமளவு அள்ளிச் சென்றனர்.

விளைவு

பிரேசிலை மீண்டும் பழைய நிலைக்கு இறக்க லிஸ்பன் நாடாளுமன்றம் முயன்றது. ஆனால் அமைச்சகம், நீதிமன்றம், கருவூலம், படை என ஓர் அரசுக்கு வேண்டிய அனைத்தும் ரியோவில் வேர்விட்டிருந்தன. 1822 செப்டம்பர் 7 அன்று பேத்ரோ விடுதலையை அறிவித்தார். 1825இல் போர்த்துகல் அதை ஏற்றது. பிரேசில் கொடுக்க ஒப்புக்கொண்ட இருபது இலட்சம் பவுண்டு இழப்பீட்டுக் கணக்கில், ரியோவிலேயே தங்கிவிட்ட அரச நூலகத்தின் விலையும் அடக்கம். அந்நூலகமே இன்றைய பிரேசில் தேசிய நூலகத்தின் மூலம்.

ஸ்பானிய அமெரிக்கா பல குடியரசுகளாகப் பிரிந்தபோது பிரேசில் சிதறாமல் நின்றதற்கு ரியோவில் இருந்த இந்த அரசு இயந்திரம் ஒரு முதன்மைக் காரணம். அதே தொடர்ச்சிதான் அடிமை உடைமையாளரின் ஆதிக்கத்தையும் புதிய நாட்டுக்குள் கொண்டுவந்தது. அங்கே அடிமை முறை 1888 வரையும் முடியாட்சி 1889 வரையும் நீடித்தன.