வட்டியில்லா முதலும் வடசிலாங்கூரும்

ஒருவர் முதலிட, மற்றொருவர் உழைக்க, வரும் ஊதியத்தை முன்னரே பேசிய விகிதப்படி இருவரும் பகிர்ந்துகொள்ளும் வாணிக முறைக்கு அரபு மொழியில் முளாரபா என்று பெயர். நட்டம் நேரின் முதலிட்டவர் பணத்தை இழப்பார். உழைத்தவர் உழைப்பை இழப்பார். இஸ்லாத்துக்கு முன்பே அரேபிய வணிகரிடை வழங்கிய இம்முறையை இஸ்லாமியச் சட்டம் ஏற்றது, வட்டியை விலக்கியது. மலேசியாவில் 1983ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பாங்க் இஸ்லாம் தொடங்கிற்று. ஆயினும் ஈடு வைக்க ஏதுமில்லாத ஏழைக்கு வங்கியின் வாயில் எட்டாத் தொலைவே.

பத்தாங் காலிக்கு மேற்கே, நெல்வயலும் தென்னந்தோப்பும் கடற்கரைவரை விரிந்து கிடக்கும் வடமேற்குச் சிலாங்கூரில் 1986இல் ஒரு சோதனை நடந்தது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த டேவிட் கிப்பன்சும் சுக்கோர் காசிமும் வங்காள தேசத்துக் கிராமீன் வங்கியைப் பின்பற்றி நடத்திய ‘புரோஜெக் இக்தியார்’ அது. ஐவர் சேர்ந்தது ஒரு குழு, ஈடு கேட்பதில்லை, தவணை வாரந்தோறும். ஆடவரினும் பெண்டிரே ஒழுங்காகத் திருப்பிச் செலுத்தினர். (தோட்டங்களில் சீட்டுப் பிடித்தோர்க்கு இது வியப்பன்று.) 1987 செப்டம்பரில் இதிலிருந்தே அமானா இக்தியார் மலேசியா பிறந்தது.

கிராமீன் வட்டி வாங்கிற்று. இங்கே அது கூடாது. அப்படியாயின் ஊதியப் பங்கீடு கொள்ளலாமே என்று தோன்றும். வாயிலில் பலகாரம் விற்பவளிடம் கணக்கேடு ஏது? விற்ற காசில் ஒரு பகுதி அன்றே அடுப்புக்கும் பிள்ளைகளுக்கும் போய்விடும். மெய்யான ஊதியத்தைக் கண்டறியக் கணக்கர் ஒருவரை அமர்த்தினால், அவர் சம்பளமே அவ்வூதியத்தை விழுங்கிவிடும். ஆகவே முளாரபா ஏட்டளவில் நின்றது. கைக்கொண்டது கர்ள் ஹஸன், அதாவது ‘அழகிய கடன்’; நம் வழக்கில் கைமாற்று. அதனுடன் நிர்வாகச் செலவுக்கென ஒரு கட்டணம்.

சிக்கல் அக்கட்டணத்தில்தான். அதே 1986இல், அக்டோபர்த் திங்களில், அம்மான் நகரில் கூடிய அனைத்துலக இஸ்லாமியச் சட்டக் கழகம், கடனுக்குரிய கட்டணம் உண்மைச் செலவைத் தாண்டலாகாது, தாண்டினால் அது விலக்கப்பட்ட வட்டியே என்று தீர்ப்புரைத்தது. சிறு கடனுக்கோ செலவு மிகுதி: வாரந்தோறும் ஒருவர் மிதிவண்டியிலோ மோட்டார் சைக்கிளிலோ கம்பம் கம்பமாகச் செல்லவேண்டும். கடன் தொகைக்கேற்ப விழுக்காட்டில் கட்டணம் வாங்குவது கணக்குக்கு எளிது. ஆனால் பெரிய கடனுக்கும் சிறிய கடனுக்கும் பயணச் செலவு ஒன்றே அன்றோ? அவ்விடத்தில் வட்டியின் சாயல் படிகிறது என்பாரை எளிதில் மறுக்க இயலாது.

தொடக்க காலத்து உறுப்பினர் பெரும்பாலும் மலாய்க் கிராமத்தாரே. தோட்டத் தமிழர் அறிந்த பங்கு முறை வேறு: 1960இல் துன் சம்பந்தன் நிறுவிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். அங்கே உறுப்பினர் பணம் தோட்டமாயிற்று. இலாபமும் நட்டமும் உறுப்பினரையே சார்ந்தன. இது முளாரபா அன்று; கூட்டு முதலாகிய முஷாரக்காவுக்கு நெருங்கிய உறவு எனலாம். அமானா இக்தியாரோ 2024இல்தான் இந்தியப் பெண்களுக்கென 5 கோடி ரிங்கிட்டில் தனித் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. அதற்கு இட்ட பெயர் தமிழ்ச் சொல்லே: ‘பெண்’.