குப்பமும் எழுத்தறியாதாருக்கான கணினியும்

ஆந்திரம், தமிழ்நாடு, கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களின் எல்லைகள் நெருங்கிவரும் சித்தூர் மாவட்டத்துத் தென்மேற்கு மூலையில் அமைந்த குப்பம், தெலுங்கும் தமிழும் கன்னடமும் ஒரே சந்தையில் புழங்கும் ஊர். 1997இல் திராவிடப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டதும் இங்கேதான். இத்தகைய ஊரில் மக்களை எழுத்தறிந்தவர், அறியாதவர் என்று இரண்டாகப் பிரித்துவிட முடியாது. தமிழ் படிக்கத் தெரிந்தவர் மண்டல அலுவலகத்தின் தெலுங்குப் படிவத்தின் முன் எழுத்தறியாதவராகி விடுகிறார். தெலுங்கைச் சரளமாகப் பேசுபவருக்கு அதன் ஓரெழுத்தும் தெரியாமல் இருக்கலாம். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தின் எழுத்தறிவு 60.47 விழுக்காடு, பெண்களுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் படிக்கத் தெரியாது.

படிக்கத் தெரியாமலே செய்தி பெறவும் அனுப்பவும் நெடுங்காலமாக வழிகள் இருந்தன. ஊர்ச்செய்தியைத் தண்டோரா அறிவித்தது. கடிதத்தைத் தபால்காரரோ பள்ளிக்குச் செல்லும் பிள்ளையோ படித்துக் காட்டினர். மனுவை எழுத அலுவலக வாசலில் ஆள் இருந்தார். இவை எல்லாவற்றிலும் எழுத்துக்கும் எழுத்தறியாதவருக்கும் இடையில் ஒரு மனிதர் நின்றார். கணினி வந்தபோது அந்த மனிதரின் இடம் என்னவாகும் என்ற கேள்விக்குக் குப்பம் ஒரு சோதனைக் களமாயிற்று.

2002 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஹியூலட் பேக்கார்டு நிறுவனமும் ஆந்திர அரசும் சேர்ந்து இங்கு 'ஐ-கம்யூனிட்டி' என்ற மூன்றாண்டுத் திட்டத்தைத் தொடங்கின. அன்றைய முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு 1989 முதல் குப்பம் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தார் என்பதை விட்டுவிட்டு இந்தத் தேர்வைப் புரிந்துகொள்ள இயலாது. கணினி, தொலைபேசி, நகலெடுக்கும் கருவி ஆகியவற்றைக் கொண்ட சமுதாயத் தகவல் மையங்கள் ஊர்களில் திறக்கப்பட்டன. கணினி வண்டி ஒன்றும் கிராமங்களுக்குச் சென்றது. அரசுத் திட்டங்களைப் பற்றிய தகவல்கள் இணையதளத்தில் தெலுங்கில் கிடைத்தன. ஆனால் அத்தளமும் எழுத்தால் ஆனதே. ஆகவே மையத்தை நடத்தியவரே திரையைப் படித்து, கேட்டவரின் மொழியில் சொல்ல வேண்டியிருந்தது. பழைய மனு எழுதுபவரின் இடம் அழியவில்லை, கணினியின் முன்னுக்கு மாறியது என்பதே உண்மை. இதனைக் குறையாக மட்டும் காண்பது சரியாகாது. அறிமுகமானவர் ஒருவரின் வாயால் வரும் தகவலில் சந்தேகத்தைத் திருப்பிக் கேட்கலாம். அவ்வசதியை அந்தக் காலத்துத் திரை எதுவும் தரவில்லை.

அத்திட்டத்தின் மிகச் சிறந்த பகுதி தகவல் மையங்களுக்கு வெளியே அமைந்தது. சுயஉதவிக் குழுக்களைச் சேர்ந்த பெண்கள் சிலருக்கு டிஜிட்டல் கேமராவும், எடுத்துச் செல்லக்கூடிய சிறிய அச்சுப்பொறியும், அவற்றை இயக்கச் சூரிய மின்தகடும் வாடகைக்கு வழங்கப்பட்டு, படமெடுக்கப் பயிற்சியும் அளிக்கப்பட்டது. அடையாள அட்டைக்குப் படம் வேண்டி நகரத்துக்குப் போய் ஒருநாள் கூலியை இழக்க வேண்டியிருந்த இடத்தில், படமெடுப்பவரே வீட்டு வாசலுக்கு வந்து அங்கேயே அச்சிட்டுக் கொடுத்தார். திருமணம் முதலிய நிகழ்ச்சிகளும் அவர்களுக்கு வருவாய் தந்தன. படத்தைச் சரிபார்க்கக் கண் போதும், படிப்பு வேண்டியதில்லை. எழுத்தறியாதவர் தகவலைப் பெறுபவராக மட்டுமே இருப்பார் என்ற எண்ணத்தை இந்தப் பெண்கள் பொய்யாக்கினர். அவர்கள் ஊராருக்கு வேண்டிய ஒன்றை ஆக்கித் தந்தனர்.

2004இல் ஆட்சி மாறியது, 2005இல் திட்டக்காலம் முடிந்து பொறுப்பு உள்ளூர்ச் சங்கம் ஒன்றிடம் சென்றது. எழுத்தறியாதாருக்கான கணினி பற்றிய ஆய்வின் மையம் அப்போது அருகிலுள்ள பெங்களூருக்கு நகர்ந்தது. 2005இல் அங்கு தொடங்கப்பட்ட மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் இந்திராணி மேதி, குடிசைப்பகுதிகளில் வாழ்ந்த வீட்டுவேலைப் பெண்களுடன் சேர்ந்து, எழுத்தில்லா இடைமுகத்தை, அதாவது படத்தாலும் குரலாலும் மட்டுமே வழிகாட்டும் திரையை, வடிவமைத்தார். பாத்திரமும் குழாயும் வரைந்திருந்தால் அதைப் பொருளாகவே பார்த்தவர்கள், குழாயிலிருந்து நீர் கொட்டுவதாகவும் கெண்டியிலிருந்து ஆவி எழுவதாகவும் வரைந்தபோது செய்யும் வேலையாகப் புரிந்துகொண்டனர். எழுத்தறியாத பலருக்கு எண்கள் தெரியும் என்பதால் எண்கள் மட்டும் திரையில் தக்கவைக்கப்பட்டன. ரூபாய்த் தாளும் பேருந்து எண்ணும் அவர்களுக்கு அவற்றை முன்பே கற்றுக்கொடுத்திருந்தன. இவற்றைவிட ஆழமான தடை ஒன்றும் தெரியவந்தது. கணினியால் தமக்கு வேலை பற்றிய செய்தி கிடைக்கும் என்பதையே அப்பெண்கள் நம்பவில்லை. தம்மைப் போன்ற ஒருத்தி அதனைப் பயன்படுத்தி வேலை பெறும் கதையை நடித்துக் காட்டிய காணொளியைக் கண்ட பின்னரே திரையைத் தொட முன்வந்தனர்.

கண்ணை விட்டுக் காதை நம்பிய முயற்சிகளும் எழுந்தன. திண்டுக்கல் மாவட்டத்துச் செம்பட்டியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்துடன் சேர்ந்து பெர்க்லி ஆய்வாளர்கள் 2006 அளவில் அமைத்த 'தமிழ் மார்க்கெட்', உழவர் பேசும் சில சொற்களை மட்டும் அடையாளம் கண்டு பயிர்ச் செய்தியைச் சொல்லிற்று. மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும் பேச்சுவழக்கே அதற்குப் பெருஞ்சவால். ஐ.பி.எம். ஆய்வகம் ஆந்திரக் கிராமம் ஒன்றில் நடத்திய 'வாய்க்கியாஸ்க்', தகவல் மையத்தின் பணியைத் தொலைபேசிக் குரலாக மாற்றியதால், மையத்துக்கு நடக்காமலே ஊராரால் அறிவிப்பைக் கேட்க முடிந்தது.

2013இல் வாட்சப் குரல் செய்தியைச் சேர்த்தபோது அது எழுத்தறியாதாரை மனத்தில் வைத்துத் தனியே உருவாக்கப்பட்டதன்று. எனினும் மேற்சொன்ன ஆய்வுகள் தேடிய பயனை அதுவே பெருமளவில் தந்தது. அதே கைபேசிக்கு வங்கியிலிருந்து வரும் ஒருமுறைக் கடவு எண்ணை எழுத்தறியாதவரும் படித்துவிடுகிறார்; அதனை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று உடன்வரும் எச்சரிக்கை வாக்கியம்தான் அவருக்கு எட்டாமல் போகிறது, அந்த வாக்கியத்தையும் குரலாக அனுப்புவதற்கான நுட்பம் குப்பத்தில் சோதனை தொடங்கிய நாளிலேயே இருந்தது.