குப்பி விளக்கும் ஊவாத் தோட்டங்களும்

ஊவாத் தேயிலையின் சிறப்பை எடுத்துரைப்போர் பெரும்பாலும் காற்றிலிருந்தே தொடங்குவர். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவிலே தன் நீரைக் கொட்டித் தீர்த்த பின்னர், மலைமுகட்டைத் தாண்டி வறண்ட கச்சான் காற்றாகப் பதுளைப் பக்கம் இறங்குகின்றது. அக்காற்றிலே வாடும் கொழுந்துக்குத் தனியொரு மணம் வாய்க்கின்றது. ஆடி, ஆவணி மாதங்களின் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையிலுள்ள மதிப்புக்கு இதுவே காரணம். பசறையிலும் மடுல்சீமையிலும் அப்புத்தளையிலும் தொழிற்சாலைகளை எழுப்பியோர், வாட்டும் மாடங்களின் சாளரங்கள் இக்காற்றை எவ்வாறு ஏற்க வேண்டும் என்பதை நுணுகி ஆராய்ந்தனர். அதே காற்று, இருள் கவிந்ததும் லயத்துக் காம்பராவின் கதவிடுக்கினூடே புகுந்து குப்பி விளக்கின் சுடரையும் அலைத்தது. இதனை எழுதியோர் மிகச் சிலர். கொழுந்துக்குக் காற்று எவ்வளவு வேண்டும் என்று கணக்கிட்ட தோட்டத்தில், விளக்குக்குக் காற்று எவ்வளவு வேண்டும் என்பது தொழிலாளியின் சொந்தக் கவலையாகவே விடப்பட்டது.

விளக்கென்பது திரியும் காற்றும் செய்துகொண்ட ஓர் உடன்பாடு எனலாம். திரியின் நூலிழைகளுக்கிடையேயுள்ள நுண்ணிய வெளிகளினூடே எண்ணெய் தானாகவே மேலேறுகின்றது. சுடரின் வெம்மையால் அது ஆவியாகிக் காற்றுடன் கலந்து எரிகின்றது. எண்ணெய் மிகுந்து காற்றுக் குறைந்தால் புகையும் கரியும் உண்டாகும். காற்று மிகுந்தால் சுடர் அணையும். இவ்வுண்மையை நம்முடைய அகல்விளக்கு நெடுங்காலமாகவே அறிந்திருந்தது. ஆமணக்கெண்ணெய், நல்லெண்ணெய் போன்றவை தடித்தவை. திரியிலே அதிக உயரம் ஏறமாட்டா. ஆதலால் அகலின் வாய் அகன்றும், ஆழம் குறைந்தும், சுடர் எண்ணெயின் விளிம்பையொட்டியும் அமைந்தன. தாழ்ந்து அகன்ற அவ்வடிவம் எளிதிலே கவிழ்வதில்லை. அழகுக்காக அமைந்ததென்று நாம் கருதும் வடிவம் உண்மையில் எண்ணெயின் தடிப்புக்கு அடங்கிய வடிவமேயாகும்.

இலங்கையின் தாழ்நிலங்களில் தேங்காயெண்ணெய் விளக்குப் பெருவழக்காயிருந்தது. மலைநாட்டிலோ அதற்கு ஓர் இடர் உண்டு. ஏறக்குறைய 24 பாகை செல்சியசுக்குக் கீழே தேங்காயெண்ணெய் உறையத் தொடங்கும். உறைந்த எண்ணெய் திரியில் ஏறாது. கடல்மட்டத்திலிருந்து 1400 மீற்றருக்கு மேற்பட்ட அப்புத்தளையின் மார்கழி இரவை அறிந்தோர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. குளிரில் உறையாததும், குறைந்த விலையில் பெரும் ஒளி தருவதுமான ஓர் எண்ணெய்க்கு இம்மலைகள் ஏற்ற களமாயிருந்தன.

அவ்வெண்ணெய் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே வந்தது. 1853இல் லெம்பேர்க் நகரின் வைத்தியசாலையொன்றிலே இக்னாசி லுக்காசியெவிச் என்னும் மருந்தாளர் அமைத்த விளக்கு எரிந்தது. 1859இல் பென்சில்வேனியாவில் எண்ணெய்க்கிணறு தோண்டப்பட்டது. 1892இல் 'மியூரெக்ஸ்' என்னும் கப்பல் மண்ணெண்ணெயை மொத்தமாகச் சுமந்து சுயஸ் கால்வாயைக் கடந்தபோது கீழைநாட்டுச் சந்தை முற்றாகத் திறந்துவிட்டது. நான்கு கலன் தகரங்களில் வந்த எண்ணெய் தீர்ந்த பின்னர், அத்தகரங்களே தண்ணீர் வாளியாகவும் கூரைத் தகடாகவும் ஆசியாவெங்கும் மறுபிறவி எடுத்தன.

மண்ணெண்ணெய் மெலிந்தது, திரியிலே பல அங்குலம் ஏறவல்லது. இதனாலேயே உயர்ந்த போத்தலொன்றின் அடியில் எண்ணெயையும் உச்சியிற் சுடரையும் வைத்தல் இயல்வதாயிற்று. வீசியெறிந்த மருந்துப் போத்தலும், சில இடங்களில் எரிந்துபோன மின்குமிழும் விளக்காயின. மூடியிலே துளையிட்டு, தகரக் குழாயொன்றைச் செருகி, பழந்துணியைத் திரியாக முறுக்கினால் வேலை முடிந்தது. ஏழையின் கைத்திறனுக்கு இது சான்று என்று போற்றலாம், போற்றவும் வேண்டும். ஆயினும் அகல் தந்த பாதுகாப்பு இவ்விடத்திலேதான் கைநழுவிப் போயிற்று. எண்ணெயின் மென்மை உயரத்துக்கு இடங்கொடுத்தது; உயரம் கவிழ்தலுக்கு இடங்கொடுத்தது.

இவ்விளக்கின் குறைகளையும் அவற்றுக்குரிய காரணங்களையும் சற்று விரித்து நோக்குதல் தகும். சுடர் மங்கினால் முதலிலே திரியைப் பார்க்க வேண்டும். குழாய்க்குள் இறுக அடைத்த திரியில் இழைகள் நசுங்கி எண்ணெயின் வழி அடைபடும். தளர்ந்த திரியோ கீழே நழுவிவிடும். கஞ்சி போகாத புதுத்துணி எண்ணெயை நன்றாக இழுக்காது. பனியிலே ஈரமேறிய துணியும் அவ்வாறே. எண்ணெய் மட்டம் தாழத்தாழ ஏறவேண்டிய தூரம் கூடுவதால், நள்ளிரவில் நோயாளியின் அருகே எரியும் விளக்கு மங்குவது இயற்கை. திரியை வெளியே அதிகம் இழுத்துவிட்டால் ஒளி கூடுவதுபோலத் தோன்றும். ஆனால் புகையே மிகும். புகைபோக்கியற்ற பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில், அடுப்புப் புகையோடு அக்கரியும் சேர்ந்து சுவரிலும் சுவாசப்பையிலும் படிந்தது. அதன் கீழிருந்தே பிள்ளைகள் பாடம் படித்தனர்.

இனி, திரி எண்ணெயை இழுக்க இழுக்க, போத்தலுள் வெறுமையான இடத்தை நிரப்பக் காற்று உட்புக வேண்டும். மூடி காற்றுப் புகாதபடி இறுகினால் எண்ணெய் ஏறுவது தளரும். ஆகவே தளர்ந்த மூடியே நன்றாக எரிந்தது. அத்தளர்ந்த மூடியினூடாகத்தான், விளக்குக் கவிழ்ந்தபோது எண்ணெயும் வழிந்தது. எரிவதற்கு உதவிய அதே இடுக்கு, எரிந்து சாவதற்கும் வழியாயிற்று.

மேனாட்டார் இச்சிக்கலை வேறு வழியில் அணுகினர். 1780 அளவில் ஆர்கண்ட் உட்குழிந்த திரியும் கண்ணாடிச் சிமினியும் கொண்டு சுடருக்கு இருபுறமும் காற்றோட்டம் தந்தார். 1860களின் இறுதியில் தோன்றிய குழாய் லாந்தரிலோ, பக்கக் குழாய்களினூடாகக் காற்று அளவோடு சுடருக்கு ஊட்டப்பட்டமையால் புயலிலும் சுடர் நின்றது. நாம் அரிக்கன் லாம்பு என்பது இதுவே. ஆனால் லாந்தர் விலைக்கு வாங்கும் பொருள். அதன் சிமினி உடைந்தால் மீண்டும் வாங்க வேண்டும். காமன் கூத்து இரவுகளுக்கு ஒளிதந்த பெற்றோமக்ஸ் பொதுப்பணத்தில் எரிந்தது. தனிக் குடும்பத்துக்குக் குப்பி விளக்கே எஞ்சியது.

விபத்து நேர்ந்தபோது பழி எவர்மேல் சுமத்தப்பட்டது? தாயின் கவனயீனம், பிள்ளையின் துடுக்கு என்பனவே வழக்கமான விடைகள். வரலாற்று மாணவர் ஈண்டு நிதானிக்க வேண்டும். பிரித்தானியாவில் விளக்குகள் வெடித்தபோது, எண்ணெய் எவ்வெப்பத்தில் தீப்பற்றுகின்றது என்பதை அளக்கும் ஏபெல் சோதனை 1879இல் சட்டமாயிற்று. சுரங்கத் தொழிலாளருக்காக 1815இலேயே டேவி வலைவிளக்கை அமைத்தார். அங்கெல்லாம் குறை பொருளிலே தேடப்பட்டது. இங்கோ மனிதரிலே தேடப்பட்டது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின, துரைமார் மாறினர், லயத்து விளக்கு மாறவில்லை.

மாற்றம் பிறிதோரிடத்திலிருந்து வந்தது. சத்திரசிகிச்சை நிபுணரான வைத்தியர் விஜய கொடகும்புர, தீக்காயமடைந்தோருக்குச் சிகிச்சையளித்த அனுபவத்திலிருந்து 1992இலே பாதுகாப்பான குப்பி விளக்கொன்றை உருவாக்க முனைந்தார். கட்டையாகவும் பருத்தும் இருந்த மார்மைற் போத்தல் அவருக்கு வழிகாட்டியது. 'சுதீப' எனப்பட்ட அவ்விளக்குத் தாழ்ந்தது, பாரமானது, தடித்த கண்ணாடியாலானது, உருளாதிருக்க இருபுறமும் தட்டையானது, திருகுமூடி கொண்டது. மணித்தியாலத்துக்குச் சிறிதளவு எண்ணெயே எரிவதால் உட்புக வேண்டிய காற்றுக்கு மயிரிழை இடைவெளி போதும். ஆகவே மூடியை இறுக்குவதால் சுடர் குன்றவேண்டியதில்லை. 1998இல் ரோலெக்ஸ் விருது அவருக்குக் கிடைத்தது. புதுமை என்று உலகம் பாராட்டிய அவ்வடிவத்தின் தாழ்ந்த அடிப்பாகத்தில் அகல்விளக்கின் சாயலைக் காண்பது என் சொந்த ஆசையாகவும் இருக்கலாம். எனினும் புவியீர்ப்பு இரண்டுக்கும் ஒன்றே.

மின்சாரம் லயங்களுக்குப் பிந்தியே வந்தது. வந்தபின் குப்பி விளக்கைப் பழங்கதையென்று பலர் எண்ணினர். 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றரொன்றின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. மின்கம்பி எட்டிய காம்பராக்களிலும் அப்போது விளக்குத் தேவைப்பட்டது. கைக்கு எளிதில் அகப்பட்டது வெறும் மருந்துப் போத்தலே.