வீட்டின் முதல் ஆட்டக்காரர்: கிராண்ட் மாஸ்டர் வைஷாலி

தமிழ்நாட்டின் சதுரங்க உடன்பிறப்புகள் என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பிரக்ஞானந்தாவின் பெயர்தான். ஆனால், அந்த வீட்டில் முதலில் சதுரங்கப் பலகையின் முன் அமர்ந்தவர் அவருடைய அக்காள் வைஷாலி ரமேஷ்பாபு. கிராண்ட் மாஸ்டர் பட்டம் பெற்ற மூன்றாவது இந்தியப் பெண் அவர்; தமிழ்நாட்டுப் பெண்களில் முதலாமவர்.

நம் நாட்டில் பள்ளி விளையாட்டு மன்றங்கள் நடத்தும் போட்டிகளில் சதுரங்கமும் ஒன்று. கோத்தா திங்கி போன்ற வட்டாரங்களில் அப்போட்டிகளுக்குத் தயாராகும் தமிழ்ப்பள்ளி மாணவிகளும் அவர்களின் பெற்றோரும் வைஷாலியின் வரலாற்றை அறிந்து வைத்திருப்பது நல்லது. அது வெற்றிகளின் பட்டியல் மட்டுமல்ல. தம்பி 12 வயதில் அடைந்த பட்டத்தை அக்காள் 22 வயதில் அடைந்த கதை அது.

தொலைக்காட்சியிலிருந்து பலகைக்கு

வைஷாலி 2001 ஜூன் 21-ஆம் நாள் சென்னையில் பிறந்தார். தந்தை ரமேஷ்பாபு கூட்டுறவு வங்கியில் பணியாற்றியவர். தாயார் நாகலட்சுமி இல்லத்தரசி. சிறுமி வைஷாலி எந்நேரமும் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்ததால், அந்தப் பழக்கத்தை மாற்றுவதற்காகப் பெற்றோர் அவரைச் சதுரங்க வகுப்பில் சேர்த்தனர். அக்காள் ஆடுவதைப் பார்த்துப் பார்த்து, நான்கு வயது இளையவரான தம்பியும் காய்களைத் தொட்டார்.

பின்னர் இருவரும் சென்னையில் கிராண்ட் மாஸ்டர் ஆர். பி. ரமேஷிடம் பயின்றனர். ரமேஷின் துணைவியார் ஆர்த்தி ராமசாமியும் சதுரங்க விளையாட்டாளர்தான். 1999-இல் 18 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான உலகப் பட்டத்தை வென்றவர் அவர்.

வைஷாலி 2012-இல் 12 வயதுக்குட்பட்டோர் பிரிவிலும், 2015-இல் 14 வயதுக்குட்பட்டோர் பிரிவிலும் உலக இளையோர் பட்டம் வென்றார். இவ்விரண்டுக்கும் இடையில், 2013-இல் சென்னை வந்த மேக்னஸ் கார்ல்சன் ஒரே நேரத்தில் பல இளம் விளையாட்டாளர்களுடன் மோதினார். அன்று அவரைத் தோற்கடித்தவர்களில் 12 வயது வைஷாலியும் ஒருவர். அந்த ஆண்டின் இறுதியில்தான் கார்ல்சன் அதே சென்னையில் விஸ்வநாதன் ஆனந்தை வென்று உலக வெற்றியாளரானார்.

இரண்டு பட்டங்கள், இரண்டு அளவுகோல்கள்

‘பெண் கிராண்ட் மாஸ்டர்’ என்பதும் ‘கிராண்ட் மாஸ்டர்’ என்பதும் ஒன்றல்ல. உலகச் சதுரங்கச் சம்மேளனமான ஃபிடே இவ்விரண்டையும் தனித்தனியாக வழங்குகிறது. முதலாவது பெண்களுக்கு மட்டும் உரியது. அதற்கு 2300 தரப்புள்ளி போதும். இரண்டாவது ஆண், பெண் இருபாலருக்கும் பொதுவானது. அதற்கு 2500 தரப்புள்ளி வேண்டும்.

தரப்புள்ளியோடு ‘நார்ம்’ எனப்படும் மூன்று தகுதிச் சான்றுகளும் தேவை. வலுவான அனைத்துலகப் போட்டி ஒன்றில் 2600 தரப்புள்ளி உள்ளவரைப் போல் ஆடிக் காட்டினால்தான் கிராண்ட் மாஸ்டர் பட்டத்துக்கான ஒரு நார்ம் கிடைக்கும். பெண் கிராண்ட் மாஸ்டர் பட்டத்துக்கு அந்த அளவு 2400.

200 புள்ளி வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆனால், இருவருக்கிடையே அந்த இடைவெளி இருந்தால், நான்கு ஆட்டங்களில் மேலே இருப்பவர் மூன்று புள்ளிகள் எடுப்பார் என்பதே கணக்கு. உலகில் கிராண்ட் மாஸ்டர்களின் எண்ணிக்கை இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டது. அவர்களில் பெண்கள் 40 பேருக்குச் சற்றே அதிகம்.

ஐந்தாண்டுக் காத்திருப்பு

2018 இந்தக் குடும்பத்துக்கு மறக்க முடியாத ஆண்டு. ஜூன் மாதம் பிரக்ஞானந்தா 12 வயதில் கிராண்ட் மாஸ்டருக்கான தகுதியை எட்டினார். உலகச் செய்தித்தாள்களெல்லாம் அவரைப் பற்றி எழுதின. அதே ஆண்டில் வைஷாலி பெண் கிராண்ட் மாஸ்டர் ஆனார்.

அடுத்த படிக்கு அவருக்கு ஐந்தாண்டுகள் ஆயின. இடையில் கொரோனா பெருந்தொற்று வந்து நேரடிப் போட்டிகளை நிறுத்தியது. 2021-இல் அனைத்துலக மாஸ்டர் பட்டம் பெற்றார். 2022-இல் மாமல்லபுரத்தில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட்டில் இந்தியப் பெண்கள் அணி வெண்கலம் வென்றபோது, வைஷாலி தனிநபர் வெண்கலத்தையும் பெற்றார்.

2023 அக்டோபரில் கத்தார் மாஸ்டர்ஸ் போட்டியில் மூன்றாவது நார்ம் கைக்கு வந்தது. அடுத்து, ஐல் ஆஃப் மேன் தீவில் நடந்த பெண்களுக்கான கிராண்ட் சுவிஸ் போட்டியில், 11 சுற்றுகளில் ஒன்றில்கூடத் தோற்காமல் 8.5 புள்ளிகளுடன் முதலிடம் பிடித்தார். எஞ்சியிருந்தது சில தரப்புள்ளிகள்தாம். டிசம்பர் 1-ஆம் நாள் ஸ்பெயினில் நடந்த பொதுப் போட்டியின் இரண்டாம் சுற்றில் வென்று 2500-ஐக் கடந்தார். இந்தியாவின் 84-ஆவது கிராண்ட் மாஸ்டர் அவர். அக்காள், தம்பி இருவரும் கிராண்ட் மாஸ்டர்கள் என்ற நிலை சதுரங்க உலகில் அதுவே முதன்முறை.

நான்கு தோல்வி, ஐந்து வெற்றி

2024 ஏப்ரலில் கனடாவின் டொராண்டோ நகரில் கேண்டிடேட்ஸ் போட்டி நடைபெற்றது. எட்டுப் பேர் மட்டுமே ஆடும் இப்போட்டியில் வெல்பவர்தான் உலக வெற்றியாளருடன் மோதும் தகுதி பெறுவார். பெண்கள் பிரிவில் வைஷாலியும் பொதுப் பிரிவில் பிரக்ஞானந்தாவும் ஆடினர்.

ஆறாம் சுற்றிலிருந்து ஒன்பதாம் சுற்று வரை வைஷாலி தொடர்ந்து நான்கு ஆட்டங்களில் தோற்றார். பட்டியலின் அடிமட்டத்துக்குப் போன பிறகு, மீதமிருந்த ஐந்து சுற்றுகளையும் ஒன்றுவிடாமல் வென்றார். முடிவில் 7.5 புள்ளிகளுடன் கோனேரு ஹம்பி, சீனாவின் லெய் டிங்ஜியே ஆகியோருக்கு இணையாக இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். அதே ஆண்டு செப்டம்பரில் புடாபெஸ்ட் ஒலிம்பியாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியிலும், டிசம்பரில் நியூயார்க்கில் உலக பிளிட்ஸ் விரைவு ஆட்டத்தில் வெண்கலம் பெற்றவர்களிலும் அவர் இருந்தார்.

2025 ஆகஸ்டில் மீண்டும் சரிவு. சொந்த ஊரில் நடந்த சென்னை கிராண்ட் மாஸ்டர்ஸ் போட்டியின் சேலஞ்சர்ஸ் பிரிவில் தொடர்ந்து ஏழு ஆட்டங்களில் தோல்வி. ஒன்பது ஆட்டங்களில் கிடைத்தது 1.5 புள்ளி மட்டுமே. அடுத்து வரவிருந்த கிராண்ட் சுவிஸ் போட்டிக்குப் போகாமலே இருந்துவிடலாமா என்றுகூட அவர் எண்ணினார். ஆனாலும் போனார். செப்டம்பரில் உஸ்பெகிஸ்தானின் சமர்கண்ட் நகரில் 8 புள்ளிகள் எடுத்து மீண்டும் பட்டத்தை வென்றார். பெண்கள் கிராண்ட் சுவிஸ் பட்டத்தை இரண்டு முறை வென்ற முதல் விளையாட்டாளர் என்ற பெயருடன், 2026 கேண்டிடேட்ஸ் போட்டிக்கான இடமும் அவருக்குக் கிடைத்தது.

முன்னே நடந்தவர்கள்

வைஷாலிக்கு முன்பே பாதை போட்டவர்கள் உண்டு. சென்னையைச் சேர்ந்த சுப்பராமன் விஜயலட்சுமி 2001-இல் இந்தியாவின் முதல் பெண் கிராண்ட் மாஸ்டர் ஆனார். அவருடைய தங்கை மீனாட்சியும் அதே பட்டம் பெற்றவர். கிராண்ட் மாஸ்டர் பட்டத்தை இந்தியப் பெண்களில் முதலில் எட்டியவர் ஆந்திராவின் கோனேரு ஹம்பி (2002). அடுத்தவர் ஹரிகா துரோணவல்லி (2011). வைஷாலிக்குப் பின் 2025-இல் திவ்யா தேஷ்முக் நான்காமவராகச் சேர்ந்தார்.

பெற்றோர் கவனத்திற்கு

பிள்ளைகளின் வெற்றிக்குப் பின்னால் தாயார் நாகலட்சுமியின் உழைப்பு இருக்கிறது. வெளிநாட்டுப் போட்டிகளுக்குச் செல்லும்போது அரிசியையும் சமையல் சாமான்களையும் உடன் எடுத்துச் சென்று, ரசமும் சோறும் சமைத்துக் கொடுத்தவர் அவர். போட்டி மண்டபத்தின் ஓரத்தில் காத்திருக்கும் அவரது புகைப்படம் உலகம் முழுவதும் பரவியது.

கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. தம்பி உலகப் புகழ் பெற்ற பிறகும் அக்காளின் பயிற்சியை அந்த வீடு நிறுத்தவில்லை. “இத்தனை ஆண்டு ஆடியாயிற்று, போதும், இனி படிப்பைப் பார்” என்ற சொல் 2019-இலோ 2021-இலோ அந்த வீட்டில் விழுந்திருந்தால், தமிழ்நாட்டுக்கு இன்னும் ஒரு பெண் கிராண்ட் மாஸ்டர் கிடைத்திருக்க மாட்டார். வைஷாலி கல்லூரிப் படிப்பையும் விடவில்லை, ஆட்டத்தையும் விடவில்லை.

மலாய் மொழியில் சதுரங்கத்தை ‘சாத்துர்’ என்கிறோம். ‘சதுரங்கம்’ என்ற அதே மூலச்சொல்லிலிருந்து வந்த பெயர் அது. மாவட்டப் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்று வீடு திரும்பும் மகளுக்கு, டொராண்டோவின் நான்கு தோல்விகளையும் சென்னையின் ஏழு தோல்விகளையும் எடுத்துச் சொல்லுங்கள். பிறகு, அவள் தோற்ற ஆட்டத்தைப் பலகையில் வைத்து முதல் நகர்வு முதல் மீண்டும் ஆடிப் பார்க்கச் சொல்லுங்கள்.